கிணற்று நீரின் உப்பை அளந்தறிதல்

கிணற்றில் நீர் பெருகக்கண்டு மகிழும் மிராசுதார்கள் பலர் அதிலுள்ள உப்பைப்பற்றி விசாரிப்பதில்லை. நாவினால் ருசி பார்ப்பதே போதுமென்பர். நாவுக்குக் கரிக்காத நீரும் ஆண்டுதோறும் நிலத்தில் உப்பைச் சேர்க்கக்கூடும்.

மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு கருவி இதற்கு உற்ற துணையாகும். முதலில் அதைச் சரிபார்த்தல் அவசியம். லிட்டருக்கு 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைந்த வாலைநீர் 25 டிகிரி சென்டிகிரேடில் மீட்டருக்கு 1.41 டெசிசீமன்ஸ் காட்ட வேண்டும். சரிபாராத கருவியினும் கருவியின்மையே நன்று. சிறிதுநேரம் நீரை இறைத்த பின்னரே, அந்நீராலேயே கழுவிய பாத்திரத்தில் பிடித்து அளத்தல் வேண்டும்.

அளவு 0.7-க்குக் குறைந்தால் உப்பினால் அச்சமில்லை. நெல்லின் மகசூல் 2-க்கு மேல் குன்றத் தொடங்கும். வடிகாலுள்ள நிலத்தில் பருத்தி 5 வரை தாங்கும். ஆயினும் சோடியத்தின் விகிதத்தை இக்கருவி அறிவியாது. அதற்கு ரசாயனசாலைப் பரீட்சையே வேண்டும்.

ஊருக்கொரு கருவி பொதுவில் வாங்கி, சித்திரையிலும் மார்கழியிலும் ஒவ்வொரு கிணற்றின் அளவையும் கிராம அதிகாரிகள் பதிவேட்டில் எழுதிவரச் செய்தல் தகுமென்பது எமது அபிப்பிராயம். நிலத்தின் விலை குறையுமென்று அஞ்சிச் சிலர் இதனை ஆட்சேபிப்பர். கடலோரத்திலோ ஒருவர் மிகுதியாய் இறைத்தால் அயலார் கிணற்றிலும் உவர்நீர் புகக்கூடும்; ஆதலின் அவ்வளவு ஊரார் அனைவரும் அறியத்தக்கதே. மறைப்பதனால் உப்பு நிலத்தை விட்டு நீங்குவதில்லை. காலத்தில் அறிந்தவர் பயிரையேனும் மாற்றிப் பிழைக்கலாம்.