ஒரே புழு, ஒரே மரபணு... அமெரிக்கா ஒழித்ததை இந்தியா கோட்டைவிட்டது எப்படி?

மரபணு மாற்றப் பயிர் என்றாலே சோஷியல் மீடியாவில் இரண்டே கட்சிதான். ஒன்று ‘விஷம்’ என்கிறது, இன்னொன்று ‘அறிவியலை எதிர்க்காதே’ என்கிறது. ஆனால், 20 ஆண்டுகளுக்கு மேல் இந்திய வயல்களில் வளரும் பி.டி. பருத்தியின் கதை இந்த இரண்டிலும் அடங்காது.

பி.டி. என்றால் என்ன?

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. இதன் புரதம் காய்ப்புழுவின் வயிற்றுக்குள் போனால் குடலில் ஓட்டை விழும், புழு செத்துவிடும்.

அந்த மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோவது இன்னொரு பாக்டீரியா, அக்ரோபாக்டீரியம். தன் டி.என்.ஏ. துண்டைச் செடியின் செல்லுக்குள் நுழைப்பது அதன் இயல்பு. விஞ்ஞானிகள் அந்தத் துண்டில் பி.டி. மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். சிம்பிளா சொன்னால், டெலிவரி பாய் வேலை. மரபணு ஏறிய செல்லை மட்டும் பிரித்து, ஆய்வகத்தில் முழுச் செடியாக வளர்க்கிறார்கள்.

இந்தியாவில் என்ன நடந்தது?

2002-ல் அனுமதி கிடைத்தது. 2006-ல் இரண்டு மரபணு கொண்ட விதை வந்தது. சில ஆண்டுகளிலேயே பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி.தான். அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது, அதற்கான மருந்துச் செலவும் குறைந்தது.

இளஞ்சிவப்பு காய்ப்புழு மட்டும் அடங்கவில்லை. 2010-ல் குஜராத்தில் அது முதல் மரபணுவைத் தாங்கிக்கொள்வது தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவதும் பலிக்கவில்லை. விவசாயி மறுபடியும் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டினார்.

தப்பு எங்கே?

லட்சக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு இயல்பிலேயே பி.டி.யைத் தாங்கும். வயல் முழுக்க பி.டி. என்றால், பிழைப்பது அவை மட்டும்தான். அவை தங்களுக்குள் இனம் பெருக்கினால் அடுத்த தலைமுறை முழுக்க தாக்குப்பிடிக்கும். பக்கத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி இருந்தால், அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகளோடு அவை சேரும். பிறக்கும் குஞ்சுகள் பி.டி.க்குச் சாகும். இதுதான் ‘புகலிடப் பயிர்’.

அமெரிக்கன் காய்ப்புழு கொண்டைக்கடலை, துவரை, தக்காளி என எதையும் தின்னும். அவையே அதற்குப் புகலிடம். இளஞ்சிவப்புக்குப் பருத்திதான் உலகம். அதனால் புகலிடத்தை விவசாயிதான் விதைத்துத் தர வேண்டும்.

சட்டம் இதைச் சொல்லாமல் இல்லை. 450 கிராம் பி.டி. பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதையும் தரப்பட்டது. பெரும்பாலானோர் அதை விதைக்கவே இல்லை. ஏன்னா, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடச் சொன்னால் எப்படி விடுவார்? அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஆளில்லை. விதைத்தாரா என்று வந்து பார்க்கவும் ஆளில்லை.

அரிசோனா என்ன செய்தது?

அதே புழு, அதே பி.டி. 1996-ல் சாகுபடி தொடங்கியதிலிருந்து சுமார் பத்தாண்டுகள் அங்கே புகலிட விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. 2006 முதல் மலட்டுப் பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள். செலவில் அரசும் பங்கேற்றது, பருத்தி விவசாயிகள் அமைப்பும் பங்கேற்றது. 2018-ல் இளஞ்சிவப்பு காய்ப்புழு ஒழிந்ததாக அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

அடுத்து என்ன?

பி.டி. கத்திரிக்காய் 2010 முதல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். இந்த விவாதங்கள் எல்லாம் ‘அனுமதிக்கலாமா, வேண்டாமா’ என்பதிலேயே சுற்றுகின்றன. அனுமதித்த மறுநாளிலிருந்து யார் கண்காணிப்பது, புகலிடத்துக்கு விடும் நிலத்துக்கு யார் ஈடு தருவது, புழு பழகிவிட்டதா என்று யார் ஆண்டுதோறும் சோதிப்பது? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் எந்த விதையும் வயலுக்கு வரக் கூடாது.

பருத்தியில் அந்தப் பொறுப்பு முழுவதையும் 120 கிராம் பாக்கெட்டில் கட்டி விவசாயி தலையில் வைத்தார்கள். கடுகிலும் கத்திரியிலும் அதையே செய்தால், தோல்வியும் அதேதான்.