கண் சிமிட்டும் பையனை அடிக்காதீர்கள்!

ஒரு நாள் காலை, அண்ணனூரில் மின்சார ரெயில் ஏறினேன். எதிரே ஒரு தகப்பனாரும் அவருடைய மகனும் உட்கார்ந்து இருந்தார்கள். பையனுக்கு எட்டு வயது இருக்கும். கண்களைப் படபடவென்று சிமிட்டினான். தோளை வெடுக்கென்று குலுக்கினான். தொண்டையைச் செருமினான்.

"சும்மா இருடா!" என்று தகப்பனார் அதட்டினார்.

பையன் அடங்கினான். அம்பத்தூர் வருவதற்குள் மறுபடியும் தோள் குலுங்கியது. முதுகில் ஓர் அறை விழுந்தது.

அந்த அறை வீண். பையன் செய்தது சேட்டை அல்ல. கெட்ட பழக்கமும் அல்ல. மூளை நரம்பு சம்பந்தமான கோளாறு. டாக்டர்கள் இதை "டிக்" என்று சொல்கிறார்கள். அசைவுகளும் குரல் ஒலியும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தால் அதற்கு "டூரெட்" என்று பெயர். 1885-ம் ஆண்டில் இதுபற்றி எழுதிய பிரெஞ்சு டாக்டரின் பெயர் அது.

தும்மல் வருகிறது. அடக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் முடியும்? இதுவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களே என்று பையன் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறான். வீட்டுக்கு வந்ததும் மொத்தமாக வெளியே வருகிறது. "அங்கே ஒழுங்காக இருக்கிறாய், இங்கே மட்டும் நடிக்கிறாயா?" என்று தாயார் கேட்கிறார். பாவம், அவன் என்ன பதில் சொல்வான்? திட்டத் திட்ட பயம் கூடும். பயம் கூடினால் குலுக்கலும் கூடும்.

பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் இது தொடங்கும். ஒரு மாதம் கண், அடுத்த மாதம் மூக்கு என்று மாறும். 10, 12 வயதில் அதிகமாகும். பிறகு பலருக்குக் குறைந்துவிடும்.

லேசாக இருந்தால் மருந்து வேண்டாம். கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும். வாத்தியாரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். தொல்லை அதிகமானால் பயிற்சி உண்டு. தோளைக் குலுக்கத் தோன்றும்போது, முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்ளக் கற்றுக் கொடுப்பார்கள். அந்த உந்துதல் தணியும்வரை அப்படியே இருக்கவேண்டும். வலித்தாலோ, படிப்பு கெட்டாலோ டாக்டர் மருந்தும் கொடுப்பார். நினைவு தப்பினால் அது வேறு நோய். தாமதிக்கக் கூடாது.

"இவன் எதிர்காலம் என்ன ஆகும்?" என்று கலங்குகிறீர்களா? அமெரிக்காவில் பிராட் கோஹன் என்பவர் இந்தக் கோளாறோடு ஆசிரியர் ஆனார். அவர் கதையைத் தழுவி 2018-ம் ஆண்டில் "ஹிச்கி" என்ற இந்திப் படம் வந்தது. ராணி முகர்ஜி நடித்தார்.

அண்ணனூரில் இருந்து சென்டிரல் போனால், எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி பக்கம்தான். போகும் முன்பு, பையன் குலுக்குவதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அவன் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து இருப்பான்.