முள் மரத்துக்குள் சங்கீதம்

கட்டை தண்ணீரில் மிதக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால், போட்டவுடன் கல்லைப் போல் மூழ்கிவிடும் கட்டையும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வளரும் 'ம்பிங்கோ' என்ற மரத்தின் கட்டைதான் அது. டான்ஸானியாவின் தேசிய மரம் இதுவே.

தேசிய மரம் என்றதும் லட்சணமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கோணலும் மாணலுமாக, கிளையெல்லாம் முள்ளாக, ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பி நிற்கும். வறண்ட காலத்தில் இலையும் இராது. "விறகுக்காவது ஆகுமா?" என்றுதான் கேட்கத் தோன்றும். பட்டைக்கு அடியில் வெளுத்த மரம். அதற்கும் உள்ளேதான் விசேஷம். ஊதா கலந்த கன்னங்கரிய வைரம்! நம் ஊர் ஈட்டி மரத்துக்கு இது தாயாதி. தாவர சாஸ்திரிகள் இரண்டையும் 'டால்பெர்ஜியா' இனத்தில்தான் சேர்க்கிறார்கள்.

கிளாரினெட், ஓபோ, ஸ்காட்லாந்தின் பாக்பைப் ஆகிய வாத்தியங்கள் இந்த மரத்தைத்தான் நாடுகின்றன. காரணம் என்ன தெரியுமா? ஊதும்போது மூச்சின் ஈரம் உள்ளே படிந்துகொண்டே இருக்கும். சாதாரண மரமானால் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும், சுருதி கெடும். இதுவோ நெருக்கமான மரம், எண்ணெய்ப் பசையும் உள்ளது. ஈரம் லேசில் இறங்காது. உலோகத்தைப் போலவே நுட்பமாகக் கடையலாம், துளை போடலாம். ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பைக் கேட்டவர்களுக்குக் கிளாரினெட்டின் இனிமையைச் சொல்ல வேண்டியதில்லை.

டான்ஸானியாவின் தெற்கிலும் மொஸாம்பிக்கின் வடக்கிலும் வாழும் மகொண்டே சிற்பிகளோ, ஒரே கட்டையில் தாத்தா முதல் பேரன் வரை ஒருவர் தோள்மேல் ஒருவராகச் செதுக்கிவிடுகிறார்கள். பெரிய கூட்டுக் குடும்பந்தான்!

இந்த மரம் வெட்டும் பருவத்துக்கு வர 70 வருஷத்துக்கு மேல் ஆகும். வெட்டுவதோ ஒரு பொழுது வேலை. அறுத்துப் பார்த்தால் வாத்தியத்துக்குத் தேறுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெடிப்பும் கோணலும் மீதியைத் தின்றுவிடும். லாபம் வெளியூர் வியாபாரிக்கு. காட்டைச் சார்ந்து வாழும் கிராமத்துக்குக் கிடைத்ததோ சொற்பம். தனக்கு ஒன்றும் மிஞ்சாத மரத்தை யார்தான் காப்பார்கள்?

கில்வா வட்டாரத்துக் கிராமங்கள் இதற்கு வழி கண்டன. தங்கள் காட்டைத் தாங்களே நிர்வகித்து, அளவோடு வெட்டி, 2009-ல் அதற்குச் சர்வதேச நற்சான்றும் பெற்றன. மரத்தின் விலை கிராமத்துக்கே வருகிறது. 2017 முதல் இம்மரத்தை நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிச் சீட்டும் வேண்டும். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்கு அளித்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் மரக் கிளாரினெட் இருந்தால், வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். அது வெடித்தால் வீணாவது வாத்தியம் மட்டுமல்ல. ஒரு மரத்தின் 70 வருஷத் தவமும்தான்.