யாருடைய உழைப்பில் நிற்கிறது அந்த வெள்ளைச் சுவர்?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தைப் பற்றிக் கலை உலகம் ஒரு கதை சொல்கிறது. நிலக்கரியும் எஃகும் கருப்பாக்கிய ஊர், சுரங்கங்கள் மூடப்பட்டன, கலை வந்து ஊரைக் காப்பாற்றியது. மேற்படிப்புக்கு அந்தப் பக்கம் போகும் நம் மாணவர்களும் அதே வியப்போடு படங்கள் அனுப்புகிறார்கள். அந்தக் கூடங்களுக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கட்டாயம் போக வேண்டும். ஆனால் அந்தக் கதையை நம்பிக்கொண்டு போகக் கூடாது.

முதலில் ஃபோக்வாங் அருங்காட்சியகம். 1902இல் ஹாகன் நகரில் கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்ட்ஹவுஸ் தொடங்கியது. 1922இல் எஸ்ஸனுக்கு வந்தது. 1937இல் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி 1,400க்கும் மேற்பட்ட படைப்புகளை நாஜிகள் இங்கிருந்து பறித்துப் போனார்கள். அதன் புதிய கட்டடம் டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைத்து 2010இல் திறந்தது. செலவு 5.5 கோடி யூரோ. 2015 முதல் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. இரண்டுக்கும் பணம் கொடுத்தது க்ருப் அறக்கட்டளை.

யார் இந்த க்ருப்? எஸ்ஸனின் எஃகு ஆலைகளையும் ஆயுத ஆலைகளையும் ஆண்ட குடும்பம். போர்க்காலத்தில் பிடித்துவரப்பட்ட பல்லாயிரம் பேரை அந்த ஆலைகளில் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1944இல் வதைமுகாமிலிருந்து கொண்டுவந்த சுமார் 500 யூதப் பெண்களை எஸ்ஸனிலேயே முகாமில் அடைத்து உழைக்க வைத்தார்கள். இந்தக் குற்றத்துக்காக 1948இல் நியூரம்பெர்கில் ஆல்ஃப்ரீட் க்ருப்புக்கு 12 ஆண்டு சிறையும் சொத்துப் பறிமுதலும் தீர்ப்பானது. 1951இல் அவர் வெளியே வந்தார். சொத்தும் திரும்பக் கிடைத்தது. 1967இல் அவர் இறந்த பிறகு அந்தச் சொத்துதான் அறக்கட்டளையானது. உயிர் பிழைத்த யூதத் தொழிலாளர்களுக்கு 1959இல் ஒரு சிறு தொகை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. யூதரல்லாத கட்டாயத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் 2000இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து நிதி அமைக்கும்வரை காத்துக் கிடந்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள்.

எனவே இலவச நுழைவைக் கொடை என்று சொல்லாதீர்கள். உழைத்தவருக்குச் சேர வேண்டியதில் ஒரு துளி ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து ட்சோல்ஃபெராய்ன் சுரங்கம். 1932இல் இயங்கத் தொடங்கிய 12ஆம் குழி நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரி எடுக்கக் கட்டப்பட்டது. 1986இல் சுரங்கம் மூடப்பட்டது. கொதிகலன் கூடம் இன்று வடிவமைப்பு அருங்காட்சியகம். தொழிலாளர்கள் கரியைக் கழுவிக் குளித்த கூடம் நடன அரங்கு. 'உலகிலேயே அழகான சுரங்கம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். யாருக்கு அழகு? நுரையீரலில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் வந்து இருமிச் செத்தவனுக்கா?

எஸ்ஸனை ஏ40 நெடுஞ்சாலை இரண்டாகப் பிளக்கிறது. அதைச் 'சமூக நிலநடுக்கோடு' என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். தெற்கே வசதியானவர்கள், க்ருப் மாளிகை, ஃபோக்வாங். வடக்கே சுரங்கம், தொழிலாளர் குடியிருப்புகள், 1961 ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியிலிருந்து 'விருந்தாளித் தொழிலாளர்' என்ற பெயரில் வரவழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், கூடுதலான வேலையின்மை. சாதி அங்கே இல்லை. ஆனால் ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"பழைய கணக்கை எத்தனை நாளைக்குத் தோண்டுவீர்கள்? கலையைக் கலையாகப் பாருங்கள்" என்பார்கள். இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. கணக்குக் கேட்கப்பட்டதால்தான் இன்று அங்கே இவ்வளவாவது வெளியே தெரிகிறது. பிழைத்து வந்தவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள், வழக்குப் போட்டார்கள். நிலக்கரி கழுவும் ஆலைக்குள் 2010இல் திறந்த ரூர் அருங்காட்சியகம் சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கையையும் வரலாறாக வைத்திருக்கிறது. அதை மதிக்கிறோம். அது போதாது என்றும் சொல்கிறோம்.

ட்சோல்ஃபெராய்ன் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது 2001இல். அதே 2001இல்தான் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்தின் அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தலித் தமிழர்கள். எஸ்ஸனில் மூடிய சுரங்கம் உலகச் சொத்தானது. கோலாரில் மூடிய சுரங்கம் சயனைடு கழிவு மேடுகளை நம் மக்களின் தலைமாட்டில் விட்டுப்போனது. உழைத்தவரின் இடம் எப்போது மரபாகிறது, எப்போது குப்பையாகிறது என்பதை முடிவு செய்வது அதிகாரம்தான்.

தோழர்களே, எந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தாலும் மூன்று கேள்விகளோடு நுழையுங்கள். இந்தச் சுவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கே உழைத்தவர்களின் பெயர் எங்கே? இந்தக் குறிப்பை எழுதியது யார்? பதில் இல்லையென்றால் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கருத்துப் பதிவேடு இருந்தால் அதில் எழுதுங்கள். நாளை கோலாரில் ஓர் அருங்காட்சியகம் எழுமானால் அதன் சுவரில் வெறும் படமாகத் தொங்க நாம் சம்மதிக்கக் கூடாது. எதைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். அதற்கான படிப்பைப் படிக்க இன்றே விண்ணப்பியுங்கள்.

ஜெய்பீம்!