கோடு போடுமுன் ஒரு கேள்வி



டிராயிங் ஷீட்டை போர்டில் மாட்டியதும் நாம் முதலில் எதைத் தேடுகிறோம்? மினி டிராஃப்டரை, ரப்பரை, இல்லையென்றால் பக்கத்து நண்பனின் ஷீட்டை! "நான் வரையும் இந்தப் பொருளை யார் உபயோகிக்கப் போகிறார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் படிக்காதவர்கள்தான்.

முதலில் என் அப்பாயி. நாத்து நட்டும் கயிறு திரித்தும் தேய்ந்து போன விரல்கள் அவருடையவை. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்த புதிதில் மூன்று முறை விரலை வைத்தார். ஒவ்வொரு முறையும் மிஷின் "பீப்" என்றது. வரிசையே திரும்பிப் பார்த்தது. வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, "என் கைய அந்த மிஷினுக்கு அடையாளம் தெரியலையாம் ராசா" என்றார். அந்த அரிசி யாருக்காக? உழைத்துத் தேய்ந்த கைகளுக்காகத்தானே! அந்தக் கைக்கே உதவாவிட்டால் அது என்ன வடிவமைப்பு? ஆகவே என் முதல் கொள்கை: கஷ்டப்படுகிறவரை முதலில் நினைத்து வரைய வேண்டும்.

அடுத்தது என் அப்பா. ஒரு சின்னப் பட்டறையில் கால் மிதி வைத்த பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல் போனது. "கவனமா இருந்திருக்கணும்" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நம்பினேன், இங்கே வந்து படிக்கும் வரை! ஒரே நேரத்தில் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று அமைத்துவிட்டால், டைக்குள் கை எப்படி இருக்கும்? ஒரு பட்டனைக் கயிறு போட்டுக் கட்டி ஏமாற்றினாலும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி விழும்படி சர்க்யூட் செய்யலாம். இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டுமென்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவே சொன்னது. தப்பு அப்பாவின் கவனத்தில் இல்லை. அந்த மிஷினில் இருந்தது. மனுஷன் அசருவான், தூக்கம் வரும், வீட்டுக் கவலை வரும். அதையும் கணக்கில் எடுப்பதே நேர்மை. இது என் இரண்டாவது கொள்கை.

மூன்றாவது, சந்தோஷம். "பொருள் வேலை செய்தால் போதாதா, சந்தோஷம் எதற்கு?" என்று சிரிக்காதீர்கள். ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு முன் கிடைத்த செயற்கைப் பாதங்கள் ஷூ போட்டு நடப்பவருக்காகச் செய்தவை. நம் ஊர்க்காரர் சம்மணம் போடுகிறவர், குந்துகிறவர், வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர். 1968-இல் டாக்டர் பி.கே. சேத்தியும், அதிகம் பள்ளிப் படிப்பு இல்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் அதற்கேற்ப ரப்பர் பாதம் செய்தார்கள். காலை இழந்தவர் பந்தியில் மற்றவர்களோடு தரையில் உட்கார முடிந்தது. அந்தச் சந்தோஷம் எந்த டிராயிங்கிலும் டைமென்ஷனாக வராது. ஆனால் அதை நினைக்காமல் அந்தப் பாதம் பிறந்திருக்காது.

"இதற்கெல்லாம் செலவாகுமே" என்பீர்கள். ஆகும்தான். விரலுக்கு விலை போட முடியுமா, சொல்லுங்கள்!

ஆகையால் நண்பர்களே, கடைசி வருஷ ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கத்துப் பட்டறைக்குப் போவோம். நம் அம்மா நிற்கும் அடுப்படியைப் பார்ப்போம். அங்கே யாருக்குக் கை வலிக்கிறது, யார் வெட்கப்பட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று கேட்போம். அதன்பிறகு முதல் கோட்டைப் போடுவோம்.

மார்க் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு அப்பாயி வெறும் பையோடு வீடு திரும்ப மாட்டார்!

– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்