பிரபலங்களின் உயில் மட்டும் போதுமா? பிளேக் கண்ட ஓர் இங்கிலாந்து கிராமம் சொல்லும் பதில்

10 கோடிக்கும் மேற்பட்ட உயில் ஆவணங்கள். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க ஆண்டுக்கு 45 லட்சம் பவுண்டு செலவு. 'எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு பேப்பரை அழிச்சிடலாமா?' என்று 2023 டிசம்பரில் மக்களிடம் கருத்து கேட்டது பிரிட்டனின் நீதி அமைச்சகம்.

1858 முதல் சேர்ந்திருக்கும் உயில்களில், 25 ஆண்டுகளைத் தாண்டிய அசல்களை அழிப்பது, இளவரசி டயானா போன்ற பிரபலங்களின் உயில்களை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வது. இதுதான் யோசனை. வரலாற்று ஆய்வாளர்கள் கொதித்துப் போனார்கள்.

பழைய பேப்பருக்கு ஏன் இவ்வளவு சண்டை? அது புரிய ஒரு சின்ன கிராமத்துக்குப் போகணும்.

ஒரு துணி மூட்டையும் ஒரு பதிவேடும்

டெர்பிஷயரின் மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது ஈம். 1665-ல் லண்டனை பிளேக் உலுக்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈம் ஊர் தையல்காரருக்கு வந்த துணி மூட்டையில் தெள்ளுப்பூச்சிகளும் சேர்ந்தே வந்தன என்கிறார்கள். செப்டம்பரில் முதல் சாவு. தையல்காரரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ்.

1666 கோடையில், பாதிரியார் வில்லியம் மோம்பசன் சொன்னதைக் கேட்டு ஊரே தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்பதற்காக! எலிசபெத் ஹான்காக் என்ற பெண், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அடக்கம் செய்தார். மோம்பசனின் மனைவி கேத்தரினும் தப்பவில்லை.

இதெல்லாம் வெறும் கதையாகப் போயிருக்கலாம். போகவிடாமல் தடுத்தது சர்ச் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்றையும் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-லேயே தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டிருந்தார். அதனால் ஈம் மக்களின் சாவு பெயரோடு, தேதியோடு பதிவானது.

350 வருஷம் கழிச்சு என்ன பயன்?

2016-ல் ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளை வைத்து நோய் பரவிய விதத்தைக் கணக்கிட்டார்கள். 14 மாதங்களில் 257 பேர் சாவு. தொற்றில் கால் பங்குதான் எலிகள் வழியாக வந்தது. மீதி முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், ஏழைகளுக்கும் அதிகம். கொரோனாவைப் பார்த்த நமக்கு இது புதுசா தெரியாது. ஆனால் பிளேக் எப்படிப் பரவுகிறது என்ற விவாதத்தில் இது முக்கியமான ஆதாரம்.

இப்போ யோசிங்க. ஜார்ஜ் விக்கர்ஸ் பிரபலமா? இல்லை. 'முக்கியமானவங்க பதிவு மட்டும் போதும்' என்று அன்று யாராவது முடிவெடுத்திருந்தால், இந்த ஆய்வே நடந்திருக்காது.

எது முக்கியம் என்பது காலத்துக்குக் காலம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-ல் அரசு சிவில் பதிவு தொடங்கியது. திருமணப் பதிவில் அப்பா பெயருக்கு இடம் இருந்தது, அம்மா பெயருக்கு இல்லை. அது மாறியது 2021 மே 4-ல்தான். வம்சாவளி தேடுபவர்களுக்கு இது 180 ஆண்டுக்கும் மேலான இடைவெளி.

ஸ்கேன் இருந்தா போதாதா?

ஸ்கேன் நல்ல விஷயம்தான். டெர்பிஷயர் வேர்களைத் தேடும் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்தே பார்க்கலாம். ஆனால் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, காசு. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் 'ஃபைண்ட்மைபாஸ்ட்' தளத்தில் வெளியானபோது, ஒரு அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்க 3.50 பவுண்டு கட்டணம்.

இரண்டு, பாதுகாப்பு. 1931 கணக்கெடுப்பு ஆவணங்கள் 1942-ல் ஏற்பட்ட தீயில் எரிந்து போயின. 1941-ல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக, 1921-க்கு அடுத்து மக்கள் பார்க்கப்போவது 1951 கணக்கெடுப்பைத்தான். 100 ஆண்டு ரகசிய விதிப்படி அதுவும் 2052-ல்தான் கிடைக்கும்.

'பார்த்தீங்களா, பேப்பர் எரிஞ்சு போச்சு, டிஜிட்டல்தான் சேஃப்' எனத் தோன்றலாம். ஆனால் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலால், அதன் ஆன்லைன் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. பேப்பரோ, சர்வரோ, ஒன்றை மட்டும் நம்பினால் ஆபத்துதான்.

பிரதி எடுப்பது அசலைக் காப்பாற்ற உதவ வேண்டும், அசலை அழிக்க ஒரு காரணமாகிவிடக் கூடாது. 45 லட்சம் பவுண்டு சின்னத் தொகை இல்லை. ஆனால் ஸ்கேனில் ஒரு பக்கம் விட்டுப்போனால், அசலும் அழிந்த பிறகு எந்தத் தொகை கொடுத்தாலும் அது திரும்பக் கிடைக்காது.