இல்லாத கோப்பை இருப்பதாகக் காட்டலாமா?



கணினியில் கோப்புகளைத் தேடித்தரும் மென்பொருள்களைப் பற்றி இன்று ஒரு கருத்தை முன்வைக்க விழைகிறேன். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாள் பாடத்திட்டம், பயிற்சித் தாள், தேர்வுத் தாள், மாணவர் விவரம், பெற்றோருக்கான கடிதம் எனப் பள்ளியில் எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை இன்று கோப்புகளாகவே பிறக்கின்றன. அவற்றுள் பலவற்றைப் பின்னர் அழிக்கவும் வேண்டியுள்ளது. அவ்வாறு அழித்த கோப்பு தேடல் முடிவுகளில் சில வேளை தோன்றுகிறது. சில வேளை தோன்றுவதில்லை. ஒரு மென்பொருள் 'உண்டு' என்கிறது. மற்றொன்று 'இல்லை' என்கிறது. ஒரே மென்பொருளே இரண்டு விடைகளையும் தருவதும் உண்டு. இந்த முரண்பாட்டைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது என்பதே என் கருத்து.

முரண்பாடு எங்கிருந்து வருகிறது?

தேடல் மென்பொருள்களுள் பல, நாம் சொல்லைத் தட்டும் அந்த நொடியில் வட்டு முழுவதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே ஓர் அட்டவணையை உருவாக்கி வைத்துக்கொண்டு அதில்தான் தேடுகின்றன. நூலகத்தில் முன்பு இருந்த அட்டைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய நூலை அலமாரியிலிருந்து அகற்றியவர் அதற்குரிய அட்டையை எடுக்காமல் விட்டால், வாசகர் அட்டையை நம்பி அலமாரிவரை நடந்து வெறுங்கையோடு திரும்புவார். கணினியிலும் இதுவே நிகழ்கிறது.

2004ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்து 2011இல் நிறுத்தப்பட்ட கூகுள் டெஸ்க்டாப் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கோப்பின் பெயரை மட்டுமன்றி அதன் வாசகத்தின் படியையும் அது தன்னிடம் சேமித்துக்கொண்டது. ஆகவே, மூலக்கோப்பு அழிந்த பின்னும் அதில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. அட்டை மட்டுமா தங்கியது? நூலின் நகலே தங்கிவிட்டது!

இன்று பலரும் விரும்பிப் பயன்படுத்தும் 'எவ்ரிதிங்' என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். என்.டி.எப்.எஸ். முறையில் அமைந்த வட்டின் முதன்மைக் கோப்பு அட்டவணையையே அது நேரடியாகப் படிக்கிறது. மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதன் வேகம் வியப்புக்குரியது. இருந்தும் விண்டோஸின் மீள்சுழற்சித் தொட்டியோடு சேரும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது.

ஒரு கோப்பைத் தனியாக அழித்தால் விண்டோஸ் அதனைத் தொட்டிக்குரிய மறைவான கோப்புறைக்கு நகர்த்தி, டாலர் குறியும் 'ஆர்' எழுத்தும் கொண்டு தொடங்கும் புதுப்பெயரைச் சூட்டுகிறது. கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டு மட்டும் மாறாது. எனவே பழைய பெயரால் தேடினால் கோப்பு கிடைக்காது; பின்னொட்டால் தேடினால் முன்பின் அறியாத பெயரோடு வந்து நிற்கும். அதே கோப்பை அதன் கோப்புறையோடு சேர்த்து அழித்தால், கோப்புறையின் பெயர் மட்டுமே மாறும். உள்ளிருக்கும் கோப்புகள் தத்தம் பெயர்களோடு தேடலில் வரும். இரண்டும் அழிக்கப்பட்டவைதாம்; ஒன்று தெரிகிறது, மற்றொன்று தெரியவில்லை. விண்டோஸின் சொந்தத் தேடலோ தொட்டிக்குள் கிடப்பதைப் பொதுவாகக் காட்டுவதில்லை. தொட்டியைத் திறந்து அதற்குள் தனியாகத் தேட வேண்டும்.

விரலிகளின் கதை வேறு. விரலியில் அழிக்கும் கோப்பு பொதுவாகத் தொட்டிக்குச் செல்லாமல் நேரே நீங்கிவிடும். பல விரலிகள் பயன்படுத்தும் 'பேட்32' முறையில் மாற்றக் குறிப்பேடு என்பதே இல்லை. விரலியை வேறொரு கணினியில் செருகி அங்குக் கோப்பை அழித்தால், முதற்கணினியின் அட்டவணை மறுபடியும் வருடிப் பார்க்கும்வரை அச்செய்தியை அறியாது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்துவிடுவது நீக்குதல். கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது மறைத்தல். இல்லாமலே ஆக்குவது அழித்தல். நான்காம் ஆண்டு மாணவர்கூட இவற்றை வேறுபடுத்திச் சொல்வார். கோப்பைத் தொட்டிக்கு அனுப்புவது நீக்குதல். தொட்டியைக் காலி செய்தாலும், வன்தட்டில் அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தரவு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ஆகவே அது மறைத்தல். அதன்மேல் வேறு தரவு எழுதப்பட்ட பின்புதான் அது அழித்தல். கணினி இம்மூன்றையும் ஒரே பொத்தானால் குறிக்கிறது. தேடல் மென்பொருளும் எந்நிலையில் உள்ள கோப்பு இது என்று சொல்லாமலே பட்டியலிடுகிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

யாருக்கு என்ன நட்டம்?

பள்ளிச் சூழலில் இரண்டு நட்டங்களைக் காண்கிறேன்.

முதலாவது, தவறான தாள் அச்சேறும் வாய்ப்பு. பிழையுள்ள முதல் வரைவை அதன் கோப்புறையோடு அழித்துவிட்டுத் திருத்திய தாளை வேறிடத்தில் வைக்கிறோம். பெயர்கள் ஒத்திருக்கின்றன. தேடல் முடிவில் இரண்டும் அடுத்தடுத்து நின்றால், அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் எதனைத் தேர்ந்தெடுப்பார்?

இரண்டாவது இதனினும் பெரிது. மாணவரின் மானம் பற்றியது. குடும்ப வருமானம், நலக்குறைவு, ஆலோசக ஆசிரியரிடம் பிள்ளை மனம்விட்டுக் கூறியவை ஆகியன கோப்புகளில் இருக்கும். 'எவ்ரிதிங்' தன் சேவையோடு நிறுவப்பட்ட பொதுக்கணினியில், நிர்வாகி அல்லாதவரும் வட்டிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் காண முடியும். பிறருடைய தொட்டியில் கிடப்பவையும் இதில் அடங்கும். கோப்பைத் திறக்க அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாணவர் பெயரையும் 'ஆலோசனைக் குறிப்பு' என்ற சொல்லையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிட்டிருந்தால், அப்பெயரே செய்தியைச் சொல்லிவிடும். திறக்க வேண்டிய தேவை என்ன?

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை வைத்திருக்கலாகாது என்னும் நெறியைக் கொண்டுள்ளது. அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நெறி நெறிதான். சட்டம் கேட்காவிட்டாலும் பிள்ளைகளுக்கு நாம் அதனைக் கடமைப்பட்டுள்ளோம்.

மறுப்புகளுக்கு விடை

"அழித்த கோப்பு தேடலில் தெரிவது நன்மைதானே, தவறுதலாக அழித்ததை மீட்கலாமே" என்பார் உளர். உண்மை. மூன்று நாள் உழைத்துச் செய்த தேர்வுத் தாள் திரும்பக் கிடைத்தால் யார்தான் மகிழமாட்டார்? ஆகவே காட்டவே கூடாது என்று நான் வாதிடவில்லை. முற்றிலும் மறைத்தால் வேறொரு தீங்கு உண்டு. தெரியவில்லை என்பதால் அழிந்துவிட்டது என்று நம்பி, பழைய கணினியை அப்படியே பிறருக்குக் கொடுத்துவிடுவோம்.

"ஒவ்வொரு முடிவையும் சரிபார்த்தால் வேகம் குறையும்" என்பது அடுத்த மறுப்பு. இலட்சம் முடிவுகளையும் சரிபார்க்கச் சொல்லவில்லை. திரையில் ஒரே நேரத்தில் தெரிவன இருபது முப்பது வரிகள். அவற்றை மட்டும் சரிபார்க்க இன்றைய கணினிக்கு அதிக நேரம் தேவைப்படாது.

நான் வேண்டுவன

1. அழித்தவற்றைக் காட்டுவதா, மறைப்பதா என்பதில் ஒரே விதி வேண்டும். தனிக்கோப்புக்கு ஒன்று, கோப்புறைக்கு ஒன்று என்று இருத்தலாகாது.

2. காட்டினால் 'தொட்டியில் உள்ளது', 'இப்போது இல்லை' என்று நிலையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

3. உள்ளடக்கத்தைப் படியெடுத்து வைக்கும் மென்பொருள், மூலம் அழியும்போது படியையும் அழிக்க வேண்டும்.

4. இத்தெரிவு முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்கு அடுக்கு அமைப்புகளுக்குள் புதைந்து கிடக்கும் தெரிவு இல்லாததற்குச் சமம்.

இவை நிறைவேறும்வரை நாமே சிலவற்றைச் செய்யலாம். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைக்கலாம். தேடல் மென்பொருளின் விலக்குப் பட்டியலில் மீள்சுழற்சித் தொட்டியைச் சேர்க்கலாம். விண்டோஸ் தேடலில் ஐயம் எழுந்தால் அட்டவணையை மறுபடியும் உருவாக்கச் செய்யலாம். கோப்பின் பெயரில் மாணவர் பெயரை எழுதாமல் எண்ணால் குறிக்கலாம். கணினியைக் கைமாற்றும் முன் வட்டு முழுவதையும் துப்புரவாகத் துடைக்கலாம். தனிப்பட்ட குறிப்புகளைப் பொதுக்கணினியில் வைக்காதிருப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

வேகமாகத் தேடித்தருவது திறமைதான். ஆனால் தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது உண்மையான விடை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லும் கடமை மென்பொருளுக்கும் உண்டு. அதைச் செய்தவர்களிடம் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கும் உண்டு.